கொள்ளையன் முகத்தை ஏன் துண்டால் மூடுகிறார்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர், வழிப்பறியில் கைதானவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்து வரும்போது போலீஸார் அவர்கள் முகத்தைத் துண்டால் மூடி வருவது எதற்காக என்று கோபத்தோடு கேட்டிருந்தார். "தாலியை அறுத்தவனுக்கு இந்த மரியாதை தேவையா?" என்பது அவருடைய கேள்வி. குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) மன்றங்களில் பெஞ்ச் கிளார்க்காகவும் தலைமை எழுத்தராகவும் 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தத் துண்டு யாருக்காகப் போடப்படுகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். தாலியைப் பறிகொடுத்த பெண்ணுக்காகத்தான் அது போடப்படுகிறது. அன்பரின் கடிதம் வெளியான அதே நாளில், அதே இதழின் உள்பக்கத்தில், கைதான நால்வர் வரிசையாக நிற்க, அவர்கள் முன்னால் மேசையில் நகைகள் பரப்பி வைக்கப்பட்டிருந்த புகைப்படம் முகங்கள் பளிச்செனத் தெரியும்படி அச்சாகியிருந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கொள்ளை வழக்குக்கும் மற்ற வழக்குகளுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வரப்புத் தகராறில் அரிவாளால் வெட்டியவன் பக்கத்து வயல்காரன். அவன் பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் முதல் தகவல் அறிக்கையிலேயே வந்துவிடும். வழிப்பறியில் அப்படியில்லை. "அடையாளம் தெரியாத இரண்டு நபர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து" என்றுதான் புகார் தொடங்கும். சங்கிலி பறிபோனதை நிரூபிப்பது கடினமல்ல. கழுத்தில் காயம் இருக்கும், மருத்துவரின் காயச் சான்றிதழ் இருக்கும், பறிகொடுத்தவர் நேரில் வந்து சொல்லுவார். குற்றம் நடந்ததா என்பதில் பெரும்பாலும் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. கூண்டில் நிற்பவர்தான் அதைச் செய்தவரா என்ற ஒற்றைக் கேள்வியில்தான் வழக்கு நிற்கிறது, அல்லது விழுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 309ஆவது பிரிவின்படி வழிப்பறிக்குப் பத்து ஆண்டு வரையிலும், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் பதினான்கு ஆண்டு வரையிலும் சிறை விதிக்கலாம். ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தியிருந்தால் ஏழு ஆண்டுக்குக் குறையாத தண்டனை. இவ்வளவு பெரிய தண்டனை, சில விநாடிகள் மட்டுமே ஒரு முகத்தைக் கண்ட, அதுவும் பயத்தில் கண்ட ஒருவரின் நினைவைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

அந்த நினைவைச் சோதித்துப் பார்க்கத்தான் அடையாள அணிவகுப்பு. இதை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் இப்படித்தான் சொல்வோம்) நீதிமன்றக் காவலில் இருக்கும்போது புலன் விசாரணை அதிகாரி மனுக் கொடுப்பார். தலைமை நீதித்துறை நடுவர், அந்த வழக்கோடு தொடர்பில்லாத வேறொரு நடுவரை நியமிப்பார். குறித்த நாளில் நடுவரும், எழுதுவதற்கு என்னைப் போன்ற ஒருவரும் சிறைக்குச் செல்வோம். ஒரு எதிரிக்கு ஐந்தாறு பேர் என்ற கணக்கில், ஏறத்தாழ அதே வயது, அதே உயரம், அதே நிறம், அதே தோரணை உள்ள விசாரணைக் கைதிகளைச் சிறை அலுவலர்கள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எங்கே நிற்பது என்பதை எதிரியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், சட்டையை மாற்றிக்கொள்ளலாம், கூட நிற்பவர்களைப் பற்றி ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம், நாங்கள் அதை எழுதிக்கொள்வோம். ஒருமுறை எதிரிக்கு இடது புருவத்தின் மேல் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. நடுவர் சிறை மருத்துவமனையிலிருந்து பிளாஸ்திரி வரவழைத்து, வரிசையில் நின்ற ஏழு பேருக்கும் அதே இடத்தில் ஒட்டச் சொன்னார். ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், எதிரியும்தான்.

சாட்சிகள் அதுவரை வரிசை கண்ணில் படாத தனி அறையில் இருப்பார்கள். ஒவ்வொருவராக அழைத்து, எதிரியை முன்பே தெரியுமா, எங்காவது பார்த்ததுண்டா, எதை வைத்து அடையாளம் சொல்வீர்கள் என்று கேட்டபின்தான் வரிசைக்கு முன் அனுப்புவோம். அடையாளம் காட்டியவர் வேறு வழியாக வெளியே போய்விட வேண்டும். காத்திருப்பவரோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. வரிசையின் இடங்களை மாற்றி மாற்றி ஒவ்வொரு சாட்சிக்கும் மூன்று சுற்று நடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். போலீஸார் யாரும் அந்த இடத்தில் இருக்க முடியாது. அவர்கள் முன்னிலையில் சாட்சி சொன்னால் அது போலீஸிடம் கொடுத்த வாக்குமூலமாகிவிடும். நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. இவ்வளவு கவனமாகச் செய்யும் ஒரு காரியத்தை, முந்தைய வாரமே நாளிதழில் வெளியான ஒரு புகைப்படம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, கோயிலுக்குப் போய்விட்டு விடியற்காலையில் திரும்பிக்கொண்டிருந்த அறுபத்தைந்து வயதுள்ள ஓர் அம்மாளிடம் ஐந்து பவுன் சங்கிலி பறிக்கப்பட்ட வழக்கு. அணிவகுப்பில் அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. நேராகப் போய் மூன்றாவதாக நின்ற எதிரியின் தோளில் கையை வைத்தார். இடம் மாற்றினோம், மறுபடியும் அதே தோள். மூன்றாவது முறையும் அப்படியே. நடுவருக்கு முகத்தில் நிறைவு தெரிந்தது. வழக்கம்போல, "எப்படியம்மா இவ்வளவு சரியாகத் தெரிந்தது?" என்று கேட்டார். அந்த அம்மாள் வெள்ளந்தியாகச் சொன்னார்: "பேப்பர்ல போட்டிருந்தாங்களே ஐயா. எம் பேரன் காட்டினான். நல்லாப் பாத்து வச்சுக்கோ ஆத்தா, ஜெயிலுக்குப் போறப்ப மறந்துடாதேன்னு வீட்டுல எடுத்துக்கூட வச்சிருக்கான்."

நடுவர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை, எழுதினேன். விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த அம்மாளைக் கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்யவேயில்லை. அணிவகுப்பு நடவடிக்கைக் குறிப்பிலிருந்து அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டி, "இது நீங்கள் சொன்னதுதானே?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார். அவ்வளவுதான். தன் கழுத்தில் கை வைத்தவனை அவர் உண்மையிலேயே நினைவில் வைத்திருந்தாரா, அல்லது நாளிதழின் படத்தை நினைவில் வைத்திருந்தாரா என்பதை அதன்பிறகு அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. எதிரிக்குச் சந்தேகத்தின் பலன் கிடைத்தது. அவர்தான் செய்தார் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தோன்றுவதை வைத்து யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அணிவகுப்பில் அடையாளம் காட்டுவது தனித்து நிற்கும் சாட்சியம் அன்று. நீதிமன்றத்தில் கூண்டைப் பார்த்துச் சொல்வதுதான் சாட்சியம், அணிவகுப்பு அதற்குத் துணை. ஆயினும் சாட்சிக்கு முன்பின் தெரியாத ஒருவரை, அணிவகுப்பே இல்லாமல், நீதிமன்றத்தில் முதன்முறையாக அடையாளம் காட்டுவதற்கு மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 1979இல் கேரள வழக்கு ஒன்றில் கூறியது. பின்னர் 2003இல், அணிவகுப்பு நடத்தாததே வழக்கைக் கெடுத்துவிடாது, நம்பகமான சாட்சியாக இருந்தால் நீதிமன்றத்தில் காட்டும் அடையாளத்தையே ஏற்கலாம் என்றும் கூறியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும். எதிரியோடு நெடுநேரம் இருந்த சாட்சிக்கு இரண்டாவது தீர்ப்பு கைகொடுக்கும். இருட்டில் மூன்று விநாடி பார்த்தவருக்கு அந்தத் துணை கிடைப்பது கடினம். வழிப்பறி வழக்குகளில் பெரும்பாலானவை இப்படிச் சில விநாடி மட்டும் பார்த்த வகை. 2024 மார்ச் மாதத்தில்கூட, கேரளத்திலிருந்து வந்த கொள்ளை வழக்கு ஒன்றில், போலீஸார் காட்டியதால்தான் எதிரியை அடையாளம் சொன்னேன் என்று சாட்சி ஒப்புக்கொண்டிருந்தார். முறையான அணிவகுப்பும் இல்லை. உச்ச நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது.

காலதாமதமும் வழக்கைக் கெடுக்கும். அணிவகுப்பு 42 நாள் தாமதமானதைச் சந்தேகத்துக்குரியதாகக் கருதி உச்ச நீதிமன்றம் ஒரு கூட்டுக்கொள்ளை வழக்கில் எதிரியை விடுவித்ததுண்டு. இத்தனை நாள் என்று நிலையான வரம்பு எதுவும் இல்லை. வேறு வழக்குகளில் ஒரு மாதத் தாமதம் பொறுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் நாள் கூடக் கூட, இடையில் எதிரியை யார் யார் பார்த்தார்கள் என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே போகும். காவல் நீட்டிப்புக்காகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கு அழைத்து வரும்போது, அதே நாளில் சாட்சியை வேறு ஏதோ கையெழுத்துக்காக வரச் சொல்லி, வராந்தாவில் உட்கார வைத்துவிடும் வழக்கம் சில நிலையங்களில் இருந்தது. இது அறியாமையால் நடந்ததா, அறிந்தே நடந்ததா என்று நான் கேட்டதில்லை. அன்பர் வெறுக்கும் அந்தத் துண்டு காப்பாற்றுவது இந்த வராந்தாவில்தான். முகம் மூடியிருந்தால் சாட்சி எதிரே உட்கார்ந்திருந்தாலும் வழக்குக்குச் சேதமில்லை.

அணிவகுப்பில் நிற்க மாட்டேன் என்று எதிரி மறுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 1961இலேயே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, விரல் ரேகை கொடுப்பதோ உடலைக் காட்டுவதோ தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அணிவகுப்புக்கும் அதே நியாயம்தான், எதிரி மறுக்க முடியாது என்று 2023இல் தெளிவாகவே கூறப்பட்டது. ஆனால் என்னை முன்பே சாட்சிகளுக்குக் காட்டிவிட்டார்கள், என் படம் நாளிதழில் வந்துவிட்டது என்ற ஆட்சேபணையை அவர் விசாரணையின்போது எழுப்பலாம். அணிவகுப்புக்கு முன் நடுவர் கேட்கும்போதே பல எதிரிகள் இதைச் சொல்லிவிடுவார்கள். நாள், பக்கம் உட்பட. படிக்கத் தெரியாதவர்கூடத் தன் படம் வந்த நாளிதழின் பெயரைச் சரியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"நகையே அவனிடமிருந்து கிடைத்துவிட்டதே, முகம் எதற்கு?" என்பார்கள். இதிலும் சிக்கல் உண்டு. எதிரியின் ஒப்புதல் வாக்குமூலத்தில், பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டும்தான் சாட்சியமாகும். "நான்தான் பறித்தேன்" என்ற பகுதி ஆகாது. அந்தப் பகுதிக்கும் கைப்பற்றுதல் மகஜருக்கும் (பொருளைக் கைப்பற்றியதை எழுதும் பதிவு) சாட்சியாகக் கையெழுத்துப் போடும் கிராம நிர்வாக அலுவலர், இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் வந்து எந்தக் கடை, எத்தனை மணி, எத்தனை உருப்படி என்று கேட்டால் தடுமாறுவார். நகை அடகுக் கடையிலிருந்து எடுக்கப்பட்டால், அடகு வைத்தது எதிரிதான் என்று காட்ட ரசீதும் பேரேடும் வேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் அது யாருடைய தங்கம் என்று யார் சொல்வது? களவுபோன சிறிது காலத்துக்குள் பொருள் ஒருவரிடம் இருந்தால் அவர் திருடியவராகவோ, திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவராகவோ கருதலாம் என்று சட்டம் ஓர் ஊகத்தை அனுமதிக்கிறது. அந்த "ஆகவோ"தான் எதிர்த்தரப்புக்குப் போதுமானது. வாங்கியவன் வேறு, கழுத்தில் கை வைத்தவன் வேறு, தண்டனையும் வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முகத்தை அடையாளம் காட்டுவதில் தடுமாறும் பெண்கள், நகையை அடையாளம் காட்டுவதில் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. "கொக்கி விட்டுப்போய், எங்க ஊர் ஆசாரிகிட்ட கொடுத்துப் பத்த வச்சது. அந்த இடம் மட்டும் கொஞ்சம் தடிப்பா இருக்கும்" என்று சொல்லி, ஒரே மாதிரியான நான்கு சங்கிலிகளுக்கு நடுவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே ஒருவர் எடுத்துக்கொடுத்தார்.

இருட்டில் கதவை உடைத்து வரும் கும்பல்களிடம் முகமே கிடைப்பதில்லை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் அவர் வீட்டிலேயே கொல்லப்பட்ட பிறகு, வடமாநிலத்திலிருந்து வந்த பவாரியா கும்பலைத் தமிழகத் தனிப்படை தேடிப் பிடித்ததில் விரல் ரேகைக்குப் பெரும் பங்கு உண்டு. ரேகை பேப்பர் படிப்பதில்லை, பேரன் சொல்லிக் கொடுத்து மாறுவதுமில்லை. ஆனால் ஓடும் வண்டியிலிருந்து சங்கிலியைப் பறிப்பவன் எந்தக் கதவையும் தொடுவதில்லை.

இப்போது கேமரா வந்துவிட்டதே, இந்தப் பழைய முறையெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. கேமரா பதிவு நல்ல சாட்சியம்தான். ஆனால் ஹெல்மெட்டும் கைக்குட்டையும் போட்டவனின் முகம் கேமராவுக்கும் தெரியாது. வண்டி எண் தெரியலாம், அதுவும் பல நேரம் திருட்டு வண்டி. பதிவை நீதிமன்றத்தில் ஏற்க, முறையான சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அந்தச் சான்றிதழ் இரண்டு பகுதிகளாகி, வல்லுநரின் கையெழுத்தும் கேட்கிறது. ஜவுளிக்கடைக்காரரின் பதிவுப் பெட்டியைப் புலன் விசாரணை அதிகாரி கேட்கப் போவதற்குள் பழைய காட்சியின் மேல் புதிய காட்சி பதிந்துவிட்ட வழக்குகளும் உண்டு. கேமராவால் வந்த புதிய கெடுதல் ஒன்றும் இருக்கிறது. அந்தக் காட்சி அன்று மாலைக்குள் ஊரிலுள்ள எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விடுகிறது. பறிகொடுத்தவர் அதை நாற்பது முறை பார்க்கிறார். பிறகு அவர் அணிவகுப்பில் காட்டுவது தெருவில் கண்டதையா, கைப்பேசியில் கண்டதையா?

பிடிபடாத ஒருவனைத் தேடுவதற்காகப் படத்தை வெளியிடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆளைப் பிடிக்க அது தேவை. அப்போது அந்தச் சேதத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். என் ஆட்சேபணை, ஆள் கைதாகிச் சிறையில் இருக்கும்போது, அணிவகுப்பு இன்னும் நடக்காத நிலையில், யாருக்கும் எந்தப் பயனும் இல்லாமல் வெளியிடப்படும் படத்தைப் பற்றியது. இதைத் தடுக்கும் அறிவுரை புதிதும் அன்று. கைதானவர்களை ஊடகத்தின் முன் நிறுத்தக் கூடாது, அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டியவர்களின் முகத்தை ஊடகத்துக்குக் காட்டக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2010 ஏப்ரல் 1ஆம் தேதியே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. போலீஸார் ஊடகங்களுக்குச் செய்தி சொல்வது குறித்து விரிவான கையேடு தயாரிக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆனாலும் மேசையும், நகையும், பின்னால் நிற்கும் நால்வரும் இன்னும் தொடர்கிறார்கள்.

போலீஸார் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். இரவு பகல் அலைந்து ஒரு கும்பலைப் பிடித்த ஆய்வாளருக்கு, பாராட்டு என்று கிடைப்பது அந்த ஒரு புகைப்படம்தான். வழக்கு தீர்ப்பாகும்போது அவர் வேறு மாவட்டத்தில் இருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். ஊர் மக்களுக்கும் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி ஆறுதல். நகைகளின் படத்தைத் தாராளமாகப் போடலாம். அதனால் வேறு யாரேனும் வந்து தன் பொருளைக் கண்டுகொள்ளக்கூட வாய்ப்பு உண்டு. ஆய்வாளரின் படத்தையும் போடலாம், பெரிதாகவே. கைதானவர்களின் முகத்தை மட்டும், அணிவகுப்பு முடிந்துவிட்டதா என்று நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முடியவில்லை என்றால் மங்கலாக்கி வெளியிடும்படி தங்கள் செய்தியாளர்களுக்கும் படப் பிரிவுக்கும் அறிவுறுத்த வேண்டுகிறேன். இணையப் பதிப்புக்கும் இது பொருந்த வேண்டும். அந்த அம்மாளின் பேரன் காலத்தில் நாளிதழைக் கத்தரித்து வைக்க வேண்டியிருந்தது, இப்போது தேடினால் பத்தாண்டு கழித்தும் வந்து நிற்கிறது.

கடிதம் எழுதிய அன்பருக்கு ஒரு தகவல். அந்த அம்மாளின் சங்கிலி, வழக்கு நடக்கும்போதே பிணைப் பத்திரத்தின் பேரில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தீர்ப்பு நாளன்று அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். விடுதலையான எதிரி அவரைக் கடந்துதான் படியிறங்கிப் போனார். அந்த அம்மாள் என்னிடம் வந்து, "நான் சரியாத்தானே தம்பி காட்டினேன்?" என்று கேட்டார். சரியாகத்தான் காட்டினீர்கள் அம்மா என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குற்றவியல் நீதிமன்றத் தலைமை எழுத்தர்,
கும்பகோணம்.